மனித உரிமை அமைப்புக்குப் பணம் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

காவல் நிலையத்தில் ஒருவர் செத்துப்போன செய்தி வருகிற அன்றைக்கு எல்லோருக்கும் கை பரபரக்கும். யாருக்கு அனுப்பலாம், ஜிபே நம்பர் இருக்கிறதா, வக்கீல் செலவுக்கு நான் ஐயாயிரம் போடுகிறேன் என்று துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் செய்தி வந்துகொண்டே இருக்கும். நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் இந்தியாவில் இன்றைய நிலைமையில், வரக் கூடாத இடத்திலிருந்து வரக் கூடாத கணக்கில் வந்து விழுகிற அந்த ஐயாயிரம், வருஷக்கணக்காக நடக்கிற ஒரு அமைப்பின் மேல் வழக்குப் போடப் போதும். அரசுக்குப் பிடிக்காத வேலை செய்கிறவர்களை அவர்கள் எழுதிய அறிக்கைக்காகப் பிடிப்பது சிரமம், நீதிமன்றம் கேள்வி கேட்கும். கணக்கில் பிடிப்பது சுலபம்.

சிறிய அமைப்புகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிற வேலையில் இருப்பவன் என்பதால் என்னிடம் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி இது, எப்படிக் கொடுப்பது என்று. என் பதில் இதுதான்: பணம் வருகிற வழியில் ரொம்பக் கறாராக இருங்கள், பணத்தைச் செலவழிக்கிற வழியில் அவர்கள் கையைக் கட்டாதீர்கள். பெரும்பாலான நன்கொடையாளர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அனுப்புவது எப்படியோ அனுப்பிவிட்டு, அப்புறம் அந்தப் பணத்தில் டீ குடித்தீர்களா, வேனுக்கு டீசல் போட்டீர்களா என்று துருவுகிறார்கள்.

இப்படிக் கணக்கில் பிடிப்பது ஏதோ இப்போதைய ஒன்றிய அரசின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எல்லோரும் சொல்கிற எஃப்சிஆர்ஏ, முதலில் வந்தது 1976ல், நெருக்கடி நிலைக் காலத்தில். வெளிநாட்டுப் பணம் வாங்க வேண்டும் என்றால் அமைப்புக்கு இதன் கீழ் பதிவு வேண்டும். அதை இன்னும் இறுக்கி 2010ல் புதுச் சட்டம் வந்தபோது உள்துறை அமைச்சர் நம்ம ப. சிதம்பரம். கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, 2012 பிப்ரவரியில், பிரதமர் மன்மோகன் சிங் ‘சயன்ஸ்’ இதழுக்குக் கொடுத்த பேட்டியில், பின்னால் இருப்பது பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள்தான் என்கிற மாதிரி பேசினார். இடிந்தகரைப் பெண்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்புதான் வந்தது. மதுரையில் பீப்பிள்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பை நடத்துகிற அறக்கட்டளையின் பதிவை அதே 2012ல் இடைநிறுத்தினார்கள், 2016ல் புதுப்பிக்க மறுத்தார்கள். நடுவில் ஆட்சி மாறியிருந்தது, அணுகுமுறை மாறவில்லை. 2020 செப்டம்பர் திருத்தம் கயிற்றை இன்னும் இறுக்கியது, உச்ச நீதிமன்றமும் 2022 ஏப்ரலில் அந்தத் திருத்தத்தைப் பெரும்பாலும் சரி என்று சொல்லிவிட்டது. இதுவரை ரத்தான பதிவுகள் 20,000-க்கும் மேல். எல்லாமே அரசியல் பழிவாங்கல் இல்லை, ஆண்டறிக்கை போடாமல் செத்துப்போன அமைப்புகள் அதில் நிறைய. ஆனால் டெல்லியின் கொள்கை ஆய்வு மையம், கிரீன்பீஸ் இந்தியா மாதிரிப் பெயர்களும் அதில் இருக்கின்றன, ஆக்ஸ்ஃபாம் இந்தியாவுக்குப் புதுப்பிக்கவே மறுத்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் பணம் வெளிநாட்டுப் பணமா?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை, எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் முக்கியம். இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். தோஹாவில் வேலை பார்க்கிற, இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஒருவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து, முறையான வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே பணத்தை, சென்னை அடையாறிலேயே குடியிருக்கிற, ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட ஒருவர் தன் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருக்கிறதே, நானும் இந்தியன்தானே என்று கேட்பார்கள். உணர்வுக்கு இந்தியன், இந்தச் சட்டத்துக்கு அயலார்.

எனவே என்ஆர்ஐ ஆக இருந்தால் பணத்தோடு பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலையும், இது என் சொந்தப் பணம் என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளையும் அனுப்பிவிடுங்கள். அமைப்பு கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம், பல தோழர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். உங்கள் பெயரில் மட்டும் இருக்கிற கணக்கிலிருந்து அனுப்புங்கள். மனைவியோ கணவரோ வேறு நாட்டுக் குடியுரிமை வைத்திருந்து கணக்கு கூட்டுக் கணக்காக இருந்தால், அதைத் தவிர்ப்பது நல்லது. அப்புறம் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒருவர் கணக்கில் போட்டு மொத்தமாக அனுப்புகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அந்தப் பத்தில் ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால் முடிந்தது கதை. தனித்தனியாக அனுப்புங்கள், வங்கிக் கட்டணம் கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை.

நீங்கள் வேறு நாட்டுக் குடிமகன் என்றால், அல்லது வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம், அறக்கட்டளை என்றால், கேட்க வேண்டியது ஒரே கேள்வி: உங்களுக்கு நடப்பில் உள்ள எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிறதா? இருந்தால் பணம் போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அந்த அமைப்பின் பெயரில் இருக்கிற கணக்கு. அமைப்பு ராமநாதபுரத்தில் இருந்தாலும் கணக்கு டெல்லியில்தான். 2020 திருத்தம் அப்படி. அங்கிருந்துதான் உள்ளூர்க் கணக்குக்கு எடுத்துச் செலவு செய்ய முடியும். வேறு கணக்கு எண் கொடுத்து இதில் போடுங்கள் என்று யாராவது சொன்னால் நிறுத்திவிடுங்கள், அவர் உங்களுக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

பதிவு இல்லை என்றால் அனுப்பாதீர்கள். சொந்தக்காரர் கணக்கில் போட்டு அவர் எடுத்துக் கொடுக்கட்டும் என்கிற யோசனை எல்லோருக்கும் வரும். 2022ல் விதியைத் திருத்தி, வெளிநாட்டு உறவினரிடமிருந்து வருஷத்துக்கு 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்காமலே வாங்கலாம் என்று ஆக்கினார்கள், உண்மைதான். ஆனால் அது குடும்பச் செலவுக்கு. அதை அமைப்புக்குத் திருப்பினால் அந்தச் சொந்தக்காரரும் மாட்டுவார், அமைப்பும் மாட்டும். உண்டியல் வழி, அதாவது ஹவாலா, பற்றிப் பேசவே வேண்டாம், பணமோசடித் தடுப்புச் சட்டத்தை நீங்களே கூப்பிட்டு உள்ளே உட்கார வைக்கிற வேலை அது.

எஃப்சிஆர்ஏ பதிவுள்ள வேறொரு பெரிய தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பி அங்கிருந்து சின்ன அமைப்புக்குத் தரச் சொல்லலாமா? 2020 வரை முடிந்தது, நிறையப் பேர் அப்படித்தான் பிழைத்தார்கள். திருத்தப்பட்ட சட்டத்தின் 7வது பிரிவு அதை மொத்தமாக அடைத்துவிட்டது, வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது, அவரிடமும் பதிவு இருந்தாலும்கூட. கிராமத்து அளவில் வேலை செய்கிற, ஆங்கிலத்தில் திட்டம் எழுதத் தெரியாத சின்ன அமைப்புகளை 2020 திருத்தத்தில் அதிகம் அடித்தது இந்தப் பிரிவுதான் என்பது என் எண்ணம். டெல்லிக் கணக்கு வெறும் அலைச்சல், இது கழுத்தை நெரிப்பது.

வெளிநாட்டுக்காரருக்கு மிச்சம் இருக்கிற நேர்மையான வழி, நிஜமான கொடுக்கல் வாங்கல். பொருளுக்கும் சேவைக்கும் வழக்கமான முறையில் கொடுக்கிற கட்டணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது என்று சட்டமே சொல்கிறது. அவர்கள் போட்ட புத்தகத்தை விலை கொடுத்து வாங்கலாம், ஒரு ஆய்வு செய்து தரச் சொல்லி அதற்கான கூலியைக் கொடுக்கலாம். ஆனால் வேலை உண்மையில் நடந்திருக்க வேண்டும், பில் இருக்க வேண்டும், இருநூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டு விலைதான் என்று சொல்ல முடியாது. இதிலும் ஒரு முள் இருக்கிறது. கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி என்கிற தலைப்புகளுக்குள் அடங்காமல் பொதுநலம் என்ற பிரிவில் வருகிற அமைப்புகளுக்கு, கட்டணமாக வருகிற வருமானம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் வரிவிலக்கு போய்விடும். மனித உரிமை அமைப்புகள் பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான் வருகின்றன.

இங்கே ஒரு சின்னக் கதை. ஸ்டெர்லைட், சேசா கோவா ஆகிய வேதாந்தா குழும நிறுவனங்களிடம் பணம் வாங்கியதில் பாஜகவும் காங்கிரசும் இதே எஃப்சிஆர்ஏ சட்டத்தை மீறின என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. என்ன ஆயிற்று? 2016 நிதிச் சட்டத்தில் விளக்கத்தை மாற்றி 2010 வரை பின்தேதியிட்டுச் செல்லுபடியாக்கினார்கள். அது பத்தவில்லை என்று 2018ல் அதையே 1976 வரை கொண்டுபோனார்கள். கட்சிகளுக்கு நாற்பது வருஷம் பின்னால் போய் மன்னிப்பு. ஸ்டெர்லைட்டுக்கு எதிராகப் போராடினவர்களுக்கு உதவினால் கணக்கு முடக்கம். தூத்துக்குடிக்காரர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் ஒன்றும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்

உள்நாட்டில் இருக்கிற இந்தியக் குடிமகனுக்கு இது எளிது. அமைப்பு டிரஸ்டா, சங்கமா, பிரிவு 8 கம்பெனியா (லாப நோக்கமில்லாத கம்பெனி) என்று கேளுங்கள். பதிவுச் சான்று, பான் எண், வருமான வரியில் 12ஏபி (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிக்கழிவு) பதிவு, கடைசி இரண்டு வருஷத்துத் தணிக்கை அறிக்கை, அவ்வளவு போதும். புது வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன, ஆனால் ஆடிட்டர் ஆபீசில் இன்னும் பல வருஷம் 12ஏ, 80ஜி என்றுதான் சொல்வார்கள், நீங்களும் அப்படியே கேட்கலாம். எஃப்சிஆர்ஏ நிலவரத்தை உள்துறை அமைச்சகத் தளத்தில் பார்க்கலாம்தான், ஆனால் 2022ல் அங்கிருந்து நிறையத் தகவல்களை எடுத்துவிட்டார்கள், ஆகவே அமைப்பிடமே ஆவணத்தைக் கேட்பதுதான் நம்பகமானது. கேட்டால் கோபித்துக்கொள்கிற அமைப்பாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

எல்லா நல்ல அமைப்பும் 80ஜி வைத்திருக்காது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் போன்றவை நிதியுதவி தருகிற நிறுவனங்களிடம் பணம் வாங்குவதில்லை என்பதையே கொள்கையாக வைத்து, உறுப்பினர் சந்தாவிலும் தனிநபர் உதவியிலும் நடக்கின்றன. 1976ல் நெருக்கடி நிலையின்போது ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கியதன் தொடர்ச்சி அது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனும் அப்படித்தான். தகவல் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்ட 1996 பியாவர் தர்ணாவை அவர்கள் நாற்பது நாள் நடத்தியது சுற்றுப்புறக் கிராமத்துக்காரர்கள் கொடுத்த தானியத்தில். பணக்காரத் தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்திலும் இந்த மாதிரி அமைப்புகளின் கழுத்தில் எஃப்சிஆர்ஏ கயிறு ஏறவில்லை, ஏனென்றால் இழுக்க அங்கே கயிறே கிடையாது. ஆனால் இதை ரொம்ப ரொமாண்டிக்காகவும் ஆக்கக் கூடாது. முழுநேர வக்கீல் நான்கு பேரை வைத்து, மாவட்டம் மாவட்டமாகக் காவல் சித்திரவதை வழக்குகளைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்றால் சந்தா பத்தாது.

எத்தியோப்பியாவில் 2009ல் ஒரு சட்டம் போட்டார்கள், வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தால் மனித உரிமை வேலையே செய்யக் கூடாது என்று. உள்ளூரில் கொடுக்கிற பழக்கம் வளர்ந்திருக்கவில்லை, எனவே பெரும்பாலானவை உரிமைப் பேச்சை விட்டுவிட்டுக் கிணறு வெட்டவும் பள்ளிக்கூடம் கட்டவும் போய்விட்டன. 2019ல்தான் அந்தச் சட்டம் போனது. வெளிநாட்டுப் பணத்தை அடைப்பது நம் அரசு மட்டுமாகவும் இருக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் வெளிநாட்டு உதவியை நிறுத்தச் சொல்லி ஒரு கையெழுத்து விழுந்ததும் உலகம் முழுக்க எத்தனை உரிமை அமைப்புகள் அந்த மாதச் சம்பளத்துக்கே திண்டாடின என்பதைப் பார்த்தோமே. அதனால்தான் உள்ளூரில் ஆயிரம் பேர் ஐநூறு ஐநூறாகக் கொடுப்பதை நான் பெரிதாகப் பேசுகிறேன்.

எவ்வளவு, எப்படி

மாதாமாதம் கொடுங்கள், நிபந்தனை இல்லாமல் கொடுங்கள். வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடலாம், அல்லது யுபிஐ ஆட்டோபே. சம்பவம் நடந்தபோது ஐயாயிரம் கொடுப்பதைவிட, சம்பவம் எதுவும் நடக்காத மாதத்திலும் வருகிற முந்நூறு ரூபாய் அமைப்புக்கு உபயோகம்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. 2020 ஜூனில் சாத்தான்குளம் மாதிரி ஒன்று நடக்கிறது என்று வையுங்கள். முதல் மூன்று நாள்தான் எல்லாமே. குடும்பத்தாரைச் சமாதானம் பேசி உடலை வாங்க வைத்துவிடுவதற்கு ஊர்ப் பெரிய மனுஷர்கள் வந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு வக்கீல் அங்கே போய்ச் சேர வேண்டும், பிரேதப் பரிசோதனை வீடியோவில் பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணைக்கு மனு எழுத வேண்டும், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போட வேண்டுமானால் ராத்திரியோடு ராத்திரியாக டைப் அடிக்க வேண்டும். உண்மை அறியும் குழு போனால் வேன் வாடகை, டீசல், ஐந்து பேருக்குச் சாப்பாடு. சாட்சி சொல்ல வருகிற கூலிக்காரருக்கு அன்றைய கூலி போச்சு, அதையாவது ஈடுகட்ட வேண்டும். இதற்கெல்லாம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கையில் இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. நிதியுதவி தருகிற எந்த நிறுவனத்திடம் திட்டம் எழுதி அனுப்பி இதை மூன்று நாளில் வாங்க முடியும்? கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்குகிற சிஎஸ்ஆர் பணமா, காவல் நிலையம் என்ற வார்த்தை வந்தாலே அந்த மின்னஞ்சலுக்குப் பதில் வராது.

அதனால் “எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்” என்று எழுத்தில் கொடுங்கள். வாடகை, கரண்ட் பில், கணக்கெழுதுகிற பெண்ணின் சம்பளம் எல்லாம் அதில் போகட்டும். நிர்வாகச் செலவு அதிகமாக இருக்கிறதே என்று மூக்கைச் சுளிக்கிற பழக்கத்தை விடுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020ல் வரம்பு போட்டதே (முன்பு 50 இருந்தது) இந்த அமைப்புகளின் எலும்பை முறிக்கத்தான். நீங்களும் அதே கணக்கைப் போட்டால் எப்படி? உள்ளூர்ப் பணத்தின் அருமையே அந்த வரம்பு அதற்கு இல்லை என்பதுதான்.

பெரிய தொகை கொடுக்க முடிகிறவர்கள், வீடு விற்றவர்கள், ஓய்வுபெற்று மொத்தமாகப் பணம் வந்தவர்கள், கார்பஸ், அதாவது அமைப்பு கையிருப்பாக வைத்துக்கொள்கிற மூலநிதியாகக் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள். “இது மூலநிதிக்கு” என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அது மூலநிதி, இல்லாவிட்டால் அந்த வருஷ வருமானமாகிவிடும், வருமானத்தில் 85 சதவீதத்தைப் பொதுவாக அந்த வருஷமே செலவழித்தாக வேண்டும் என்று வரிச் சட்டம் துரத்தும். நம் அமைப்புகளிடம் கையிருப்பே இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம். ஆறு மாதச் சம்பளமும் வாடகையும் வங்கியில் இருக்கிற அமைப்பை நோட்டீஸ் ஒன்றால் கலைக்க முடியாது. ஆட்கள் அதற்குள் வேறு வேலை தேடிப் போய்விட மாட்டார்கள்.

இன்னொன்று, நிதி திரட்டும் குழுக்களுக்கு. வெளிநாட்டுப் பணத்தில் இடம், கட்டடம், வண்டி வாங்க வேண்டாம் என்று அமைப்பிடம் சொல்லுங்கள். பதிவு ரத்தானால் அந்தப் பணத்தில் உருவான சொத்து அரசு நியமிக்கிற அதிகாரியின் பொறுப்பில் போய்விடும். டெல்லிக் கணக்கில் வருவதைச் சம்பளம், பயிற்சி, பயணம் என்று கரைகிற செலவுக்கு வைத்துக்கொண்டு, அசையாச் சொத்தை உள்ளூர்ப் பணத்தில் மட்டும் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பெயர் வெளியே தெரியக் கூடாது என்றால்

இந்தக் கேள்வி நியாயமானது. கான்ட்ராக்டருக்கு, தனியார் கல்லூரி ஆசிரியருக்கு, சின்னக் கடைக்காரருக்குப் பயம் இருக்கும். 80ஜி ரசீது வேண்டும் என்றால் உங்கள் பெயரும் பான் எண்ணும் தொகையும் ஒவ்வொரு மே 31க்குள் வருமான வரித் துறைக்குப் போகும், அதைத் தவிர்க்க முடியாது. பயம் இருந்தால் வரிச்சலுகையை விட்டுவிடுங்கள். புது வரி முறைக்கு மாறியவர்களுக்கு 80ஜி கழிவு எப்படியும் கிடையாது, ஆகவே பெரும்பாலானவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் பெயரே இல்லாமல் கொடுப்பது வேறு விஷயம். கொடுத்தவரின் பெயரும் முகவரியும் அமைப்பின் பதிவேட்டில் இல்லாவிட்டால் அது அநாமதேய நன்கொடை. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இதில் எது அதிகமோ அதற்கு மேல் போகிற தொகைக்கு 30 சதவீதம் வரி. அதைவிட மோசம், விசாரணை என்று வந்தால் முதலில் கேட்பது இந்தப் பணத்தைத்தான். எனவே ஆண்டறிக்கையில் பெயர் போட வேண்டாம், மேடையில் நன்றி சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும். ரொக்கமாக மஞ்சள் பையில் கொண்டுவந்து கொடுக்கிற அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரசீது வாங்காமல் போகாதீர்கள். உங்களுக்கு வேண்டாம் என்றாலும் அவர்களுக்கு அது வேண்டும்.

இணையத்தில் பொதுவாக நிதி திரட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். பணம் கட்டும் பக்கத்தில் வெளிநாட்டு அட்டைகளை அடைத்துவிடுங்கள், “நான் இந்தியக் குடிமகன்” என்ற பெட்டியில் டிக் அடிக்காமல் அடுத்த பக்கம் போகாதபடி வையுங்கள். எஃப்சிஆர்ஏ இல்லாத அமைப்புக்கு யாரோ ஒருவர் லண்டனிலிருந்து நல்லெண்ணத்தில் போட்ட பத்துப் பவுண்டைத் திருப்பி அனுப்பி, அதற்குக் கடிதம் எழுதிக் கோப்பில் வைத்து, அதை ஆடிட்டருக்கு விளக்கி... வேண்டாம்.

கணக்குக்கும் பணம் கொடுங்கள்

நல்ல ஆடிட்டர் ஒருவரின் வருஷக் கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று நான்கு நண்பர்கள் சேர்ந்து சொன்னால், அது ஒரு மாநாட்டுக்குக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி. மாநாட்டு மேடைக்குப் பணம் கிடைத்துவிடும், வவுச்சர் கோப்புக்குக் கிடைக்காது. அந்தக் கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்றால், பஸ் டிக்கெட் வெள்ளைத் தாளில் ஒட்டி, எந்த ஊர், எந்த வழக்கு, யார் போனது என்று பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். பஸ் டிக்கெட்டின் மை ஆறு மாதத்தில் மங்கி வெறும் தாளாகிவிடும், எனவே ஒட்டுகிற அன்றைக்கே ஒரு நகல் எடுத்துவிட வேண்டும். பொது விசாரணைக்கு வந்த பாட்டிக்குப் பயணப்படி கொடுத்தால் கைநாட்டு, பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து. ஐயாயிரத்துக்கு மேல் போனால் ரெவின்யூ ஸ்டாம்ப். ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது. வெளிநாட்டுப் பணம், உள்நாட்டுப் பணம் இரண்டுக்கும் கேஷ் புக் தனி, வங்கிக் கணக்கு தனி, முடிந்தால் பீரோவே தனி. வெளிநாட்டுப் பணத்துக்கு வருகிற வங்கி வட்டியும் வெளிநாட்டுப் பணமே, அதை எடுத்து உள்ளூர்க் கணக்கில் போட்டால் அதுவே ஒரு குற்றச்சாட்டு ஆகும். “அவசரத்துக்கு இதிலிருந்து எடுத்து அதில் போட்டோம், அப்புறம் சரி பண்ணிவிட்டோம்” என்கிற வாக்கியத்தை விசாரணை அதிகாரிகள் ரொம்ப விரும்பிக் கேட்பார்கள்.

பணமில்லாமலும் கொடுக்கலாம். மாதம் ஒரு சனிக்கிழமை கணக்குப் பார்த்துக் கொடுக்கிற சிஏ, வாடகை வாங்காமல் ஒரு அறையை விடுகிற வீட்டுக்காரர், மொழிபெயர்த்துத் தருகிற ஆசிரியர், கணினிகளில் பேக்கப் எடுத்துவைக்கக் கற்றுக்கொடுக்கிற ஐடி பிள்ளைகள். அறை கொடுத்தால் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள், வாடகை இல்லை என்பதையும் அதில் எழுதுங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டால்

பதிவை இடைநிறுத்தினால் முதலில் 180 நாள், அதை இன்னொரு 180 நாள் நீட்டிக்கலாம். அந்தக் காலத்தில் கையில் இருக்கிற வெளிநாட்டுப் பணத்தில் 25 சதவீதத்தை மட்டும், அதுவும் அமைச்சகத்திடம் அனுமதி வாங்கித்தான் செலவழிக்க முடியும். கிட்டத்தட்ட ஒரு வருஷம் சம்பளம் இல்லை என்று அர்த்தம். ரத்து செய்துவிட்டால் மூன்று வருஷத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது. மறுஆய்வு மனு ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும், உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். 2020 மார்ச்சில் இன்சாஃப் என்ற அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசியல் நோக்கமில்லாமல் மக்கள் கோரிக்கைக்காக மறியல், வேலைநிறுத்தம் என்று ஆதரவு கொடுத்ததற்காக மட்டும் ஒரு அமைப்பை அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்தி வெளிநாட்டுப் பணத்தை நிறுத்த முடியாது என்று சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீலுக்கு அது உதவும்.

இந்தக் கட்டத்தில்தான் நன்கொடையாளர்கள் ஓடுவார்கள். செய்தித்தாளில் “வெளிநாட்டு நிதி முறைகேடு” என்று தலைப்பு வந்ததும் ஆட்டோபேயை நிறுத்திவிடுவார்கள். உங்கள் உள்ளூர்ப் பணத்துக்கும் அந்த இடைநிறுத்தத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, எஃப்சிஆர்ஏ போன அமைப்பு உள்நாட்டு நன்கொடை வாங்குவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. குற்றச்சாட்டு என்ன என்று அமைப்பிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் நியாயமாக இருந்தால் அந்த மாதம் இரண்டு மடங்காகப் போடுங்கள். நிஜமாகவே கையாடல் என்றால் நிறுத்துங்கள், அதில் தயக்கம் வேண்டாம். அமலாக்கத் துறை வந்து உள்நாட்டுக் கணக்கையும் சேர்த்து முடக்கினால்தான் நிலைமை வேறு. 2020ல் ஆம்னஸ்டி இந்தியாவுக்கு அப்படி ஆகித்தான் ஆட்களை அனுப்பிவிட்டு வேலையை நிறுத்தினார்கள். அப்போது அமைப்புக்கு அனுப்புகிற பணம் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். வக்கீல் கட்டணத்தை வக்கீலுக்கே நேராகக் கட்டலாமா, எப்படிக் கட்டுவது என்று அந்த வக்கீலையே கேட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக, தேதிகள். நீங்கள் உதவுகிற அமைப்பிடம் எஃப்சிஆர்ஏ இருந்தால் அதன் ஆயுள் ஐந்து வருஷம், முடிகிற தேதி என்ன என்று கேட்டு உங்கள் போனிலும் நினைவூட்டல் போட்டு வையுங்கள். புதுப்பிக்க விண்ணப்பத்தைக் கடைசி நேரத்தில் போடக் கூடாது, குறைந்தது நான்கு மாதம் முன்னால் போட வேண்டும் என்று அமைச்சகம் 2025ல் சொல்லியிருக்கிறது, சட்டப்படி ஆறு மாதம் முன்பே போடலாம். எஃப்சி-4 என்கிற எஃப்சிஆர்ஏ ஆண்டறிக்கை டிசம்பர் 31க்குள். நவம்பரில் ஒரு போன் போட்டு “எஃப்சி-4 போட்டாச்சா அக்கா?” என்று கேளுங்கள். போடவில்லை, ஆடிட்டர் இழுத்தடிக்கிறார் என்று பதில் வந்தால், அந்த ஆடிட்டரின் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.